இழுவைக்கு ஒரு பழைய வண்டி

பத்தேகால் ஆகியும் கொட்டகை நிழல் விழுந்த புல்லில் வெண்பனி உருகவில்லை, அதில் போய் மல்லாந்து படுத்து வண்டியின் அடிவயிற்றைப் பார்ப்பதா, கோட்டு நனையுமே, பார்க்காமல் திரும்பினால் கணவன் ரோலண்ட் முதலில் அதைத்தான் கேட்பான், இழுவைக் கொக்கிச் சட்டம் பிடித்திருக்கிற இடத்தில் துரு பார்த்தாயா என்று... மெரியல் எஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்றிருந்தது. நல்லது. பஸ் நிறுத்தத்துக்கு நானே வந்து கூட்டிப்போகிறேன் என்று போனில் வண்டியை விற்கிற பிரீஸ் சொன்னபோது வேண்டாம் என்றது இதற்காகத்தான், சூடான எஞ்சின் எந்தப் பொய்யையும் சொல்லும், இரவெல்லாம் ஆறிக் கிடந்தது முதல் உறுமலிலேயே உள்ளதைக் கக்கிவிடும், ஆகவே சாலையிலிருந்து மேடேறி நடந்தே வந்தாள், மூச்சு இன்னும் அடங்கவில்லை. அடர்பச்சை. பதினாறு வயது. ஸ்வீடன்காரர்கள் செய்தது, கூரை வால் வரைக்கும் நேராக ஓடுகிற நீள வண்டி, எஸ்டேட் என்பார்கள், ஒரு காலத்தில் டாக்டர்கள் வைத்திருந்தது, இப்போது நாயும் சேறும் வைத்திருப்பவர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. விலை அவர்களுக்கு எட்டுகிற விலை. அதுவே முதல் சந்தேகம். ஏன் எட்டுகிறது?

பிரீஸ் கையில் தேநீரோடு நின்றார், எழுபதைத் தாண்டியவர், ஒரு முழங்கால் மடங்காது, நிற்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்து வேலிக் கம்பம் மாதிரி இருந்தார். "வீட்டுக்காரர் வரலியாம்மா?" "கண்ணுல ஆபரேஷன். ஒரு வாரம் குனியக் கூடாது, ஓட்டக் கூடாது." "அப்ப பாக்கறது நீங்க, ஓட்டப்போறது அவரு." "ஓட்டப்போறதும் நான்தான்." "அப்ப அவரு என்ன பண்ணுவாரு?" "அவர் பறப்பார்." பிரீஸ் கோப்பையை வாயிலிருந்து எடுத்தார். "பொண்டாட்டிய ரோட்டுல விட்டுட்டுப் பறக்கறாரா, கொடுத்து வெச்ச மனுஷன்." அவள் சிரிக்கவில்லை என்று கண்டு, "சரி சரி, பாருங்க," என்று சாவியை நீட்டினார். எல்லாரும் இந்த இடத்தில் சிரிப்பார்கள், அவளுக்குப் பழக்கம், அப்புறம் விளக்கவேண்டியிருக்கும், எஞ்சின் இல்லாத விமானம், கிளைடர், குன்றின் மேலிருந்து கம்பிவடம் இழுத்து வானத்தில் எறியும், அதன் பிறகு வெயில் கிளப்புகிற காற்றில் வட்டமடித்து ஏறி, நூறு மைல் போய், முடிந்தால் திரும்பி வரவேண்டும், முடியாத நாளில் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் வயலில் இறங்கிக் கிடக்கவேண்டும், சிறகுகளைக் கழற்றி நீளமான டிரெய்லருக்குள் படுக்கவைத்து வீட்டுக்குக் கொண்டுவர கீழே ஒருத்தர் வேண்டும். இருபது கோடைகளாக அந்த ஒருத்தர் மெரியல். விளக்கினால் பிரீஸ் இன்னொரு ஜோக்கடிப்பார். விளக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டாள்.

எஞ்சின் முதல் திருப்பலிலேயே எழுந்தது, புகை கொஞ்சம் வெளுப்பாக வந்து நின்றுவிட்டது, காதைச் சாய்த்துக் கேட்டாள், தட்டல் இல்லை, தகரத்தில் மணல் கொட்டுகிற அந்த ஓசையும் இல்லை, இருந்திருக்கலாம்... இருந்திருந்தால் என்ன? இருந்திருந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போயிருப்பாள், அவ்வளவுதான். அவர்களுடைய பழைய வண்டி ஜனவரியில் ஆண்டுச் சோதனையில் தோற்றது, கதவுக்குக் கீழே இரும்பு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது, காயலான் கடைக்குப் போயிற்று. ஈஸ்டர் கழிந்தால் பருவம் தொடங்கிவிடும். பறப்போர் சங்கத்தில் நெவில் என்று ஒருவன் கிளைடரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான், டிரெய்லரோடு சேர்த்துத் தா என்று, அவனுக்கு முப்பத்தெட்டு வயது, அவசரம். "இழுக்க வண்டி அமையலேன்னா நெவிலுக்கே குடுத்துடறேன், ஒரு பருவம் விட்டா இந்த வயசுல மறுபடி எங்க போய் ஏறுறது," என்று ரோலண்ட் ஒட்டுப் போட்ட கண்ணோடு மேசையில் உட்கார்ந்து சொன்னான், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, வானிலை சொல்வதுபோல. "நீ பாத்தா போதும், மெரி. நீ சரின்னா சரி." ஆக, ஒரு வார்த்தை. கிளட்ச் வழுக்குது. அதைச் சொன்னால் யார் வந்து சோதிக்கப்போகிறார்கள், அறுபத்தேழு வயதில் அவன் கீழேயே இருந்துவிடுவான், தக்காளி போடுவான், ஞாயிறு பேப்பர் படிப்பான், உயிரோடு இருப்பான். சரி, அதைச் சொல்ல இங்கே வரைக்கும் வரவேண்டுமா, வீட்டிலிருந்தே சொல்லியிருக்கலாமே? பொய் சொல்வதானாலும் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னால் பாதிப் பொய்தான் என்றா?

படுத்தேவிட்டாள். கொட்டகையில் கிடந்த உரச்சாக்கை விரித்து அதன் மேல். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை விட்டுச் சட்டத்தைத் தட்டினாள், கெட்டியான ஓசை, விரலில் பழைய எண்ணெய், துரு இல்லை, யாரோ வருஷா வருஷம் எண்ணெய் பூசியிருக்கிறார்கள், டிரெய்லர் வந்து உட்கார்கிற கொக்கிக் குமிழில் பெயிண்ட் தேய்ந்திருக்கிறது, ஆனால் அதைப் பிடித்திருக்கிற போல்ட்டுகள் அசையாமல் இருக்கின்றன. பிரீஸின் பூட்ஸ் மட்டும் தெரிந்தது. "நல்லா இருக்காம்மா அங்க?" "இருக்கு." "இன்னும் கொஞ்சம் முன்னாடி போனீங்கன்னா பெட்ரோல் டாங்கப் பாக்கலாம். அதுவும் நல்லாத்தான் இருக்கு." அவள் முன்னாடி போனாள். பூட்ஸும் முன்னாடி வந்தது. "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. வண்டி தேடறீங்களா, குறை தேடறீங்களா?" அடியில் கிடந்தபடியே ரெண்டும் ஒண்ணுதான் என்றாள், அது ஒரு பதில்தான், வியாபாரத்தில் எல்லாரும் சொல்வது.

போன ஆகஸ்டிலும் இப்படித்தான் எதற்கோ அடியில் குனிந்து கிடந்தாள். ஹெரிஃபோர்டுக்குத் தெற்கே ஒரு பார்லி வயல், அறுத்து முடிந்த தாள், மாலை வெயில், கிளைடர் ஒரு சிறகைத் தரையில் ஊன்றிச் சாய்ந்து நிற்க, ரோலண்ட் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கட்டிக் கொடுத்த சாண்ட்விச்சின் கடைசித் துண்டைத் தின்றுகொண்டிருந்தான். இறங்கிட்டேன் என்று இடத்தைச் சொன்னதோடு போன் செத்துவிட்டது என்றான். நல்லா இறங்கினேன் என்றான். வயல் பெரியது, குழந்தைகூட இறங்கலாம். வாலைக் கழற்றக் குனிந்தபோது வால்சக்கரத்தில் ஒரு கிளை செருகியிருந்தது, ஹாத்தார்ன் முள், முழங்கை நீளம், இலை வாடவில்லை, காய் பச்சையாக. தலையைத் தூக்கிப் பார்த்தாள், வயலின் அந்தக் கோடியில் வேலியின் உச்சியில் சீப்புப் பல் உடைந்த மாதிரி ஓர் இடைவெளி. அவ்வளவு தாழ்வாக வந்திருக்கிறான். இவ்வளவு பெரிய வயலுக்கு எதற்காக அவ்வளவு தாழ்வாக? அவள் கிளையை இழுத்து எடுத்தாள், முள் கட்டைவிரலில் குத்தியது, பள்ளத்தில் போட்டாள். அவன் மறுபக்கம் சிறகைப் பூட்டுகிற ஊசியைத் தேடிக்கொண்டிருந்தான், பார்த்தானா, பார்க்காத மாதிரி தேடினானா? இப்படி நடந்தால் சங்கத்தில் சொல்லவேண்டும், அதற்கென்று ஓர் ஆள் இருக்கிறார். அவன் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. நவம்பரில் கண் டாக்டர் புரை என்றார், ரோலண்டுக்கு ஏறக்குறைய சந்தோஷம், பார்த்தாயா அதுதான் என்றான், எது அதுதான் என்று அவள் கேட்கவில்லை. இப்போது புரையை எடுத்தாயிற்று. கண் சரியானால் எல்லாம் சரியா... கண்ணில் மட்டுமா புரை விழும்?

பின்கதவைத் தூக்கி, இருக்கைகளை மடக்கி, உள்ளே ஏறினாள். தரை சமமாக மடங்கியது. நாய் வாசனை, கம்பளி வாசனை, பழைய வைக்கோல். மல்லாந்து படுத்துக் காலை நீட்டினாள், பாதம் கதவின் விளிம்பைத் தொட்டது, கண்ணாடி வழியே வானம் ஒரு நீள்சதுரமாகத் தெரிந்தது. பிரீஸ் குனிந்து எட்டிப் பார்த்தார். "படுத்துப் பாத்து வண்டி வாங்கறவங்கள இப்பத்தான் பாக்கறேன். சவப்பெட்டிக் கடையிலதான் அளவு எடுப்பாங்கன்னு நெனச்சேன்." "அங்க படுத்துப் பாக்க விடமாட்டாங்க, மிஸ்டர் பிரீஸ்." "அதுவும் சரி. தலகாணி வேணுமா?" இது முக்கியம், இதை யாரிடமும் விளக்க முடியாது, அடைபட்ட வண்டியில் முழங்காலை மடக்கிக்கொண்டு ஒரு பகலைக் கழிக்க முடியாது, அவன் ஏறிப் போனதும் அவளுக்கு வேலை காத்திருப்பதுதான், ஃபிளாஸ்க், ஒரு புத்தகம், இப்படிப் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து... எப்போது வருவாய் என்று கேட்கக் கூடாது, எங்கே இருக்கிறாய் என்றும் கூடாது, அது அங்கே மரியாதை. போன் ஒலிக்கும், இறங்கிட்டேன் என்பான், ஊர்ப்பேர் சொல்வான், கேட்டே இராத ஊர், அவள் வரைபடத்தை மடியில் விரிப்பாள். பிறகு சாலை. டிரெய்லர் பின்னால் வளைவுகளில் கன்றுக்குட்டி போல ஒட்டிக்கொண்டு வரும், இருட்டப் போகிற நேரம், எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள், எந்தப் பண்ணை வாசலிலோ நிறுத்தி, உங்க வயல்ல எங்க வீட்டுக்காரர் இருக்காரா என்று கேட்கவேண்டும், எப்படிப்பட்ட கேள்வி அது, இல்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. இறங்கியவன் கூட்டிவரப் போனவளுக்கு அன்று இரவுச் சாப்பாடு வாங்கித் தரவேண்டும், எங்கும் எழுதாத சட்டம், வழியில் ஏதாவது ஒரு பப்பில் மாட்டிறைச்சி வைத்துச் சுட்ட மாவுப் பண்டம், பட்டாணி, அவன் உப்புக் குப்பியை மேகமாகவும் மிளகுக் குப்பியைத் தானாகவும் வைத்து அன்றைய வானத்தை மேசையில் பரப்புவான். சாலை எப்படி இருந்தது என்று கேட்கமாட்டான். அவளும் சொல்லமாட்டாள். தங்கையிடம் மட்டும் சொல்வாள், என் கோடையெல்லாம் ரோட்டுலயே போச்சு, எவ எவளோ கடலுக்குப் போறா, நான் வயலுக்குப் போறேன் என்று. எத்தனை வருஷம் சொல்லியிருப்பாள்.

"வெறும் வண்டிய ஓட்டி என்ன தெரியும், பின்னால சுமை வேணும்," என்றார் பிரீஸ். ஆடுகளைக் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோன டிரெய்லர் கொட்டகைக்குள் நின்றது, மந்தையை விற்றாயிற்று, இரண்டு கிடாக்கள் மட்டும் மீதி. "ரெண்டு பேரையும் ஏத்தறேன். உயிருள்ள எடைதான் நல்ல எடை, நின்ன எடத்துல நிக்காது. பெரியவன் பேரு பிஷப். சின்னவனுக்குப் பேரு வெக்கல, வெச்சா அப்புறம் திங்க மனசு வராது." பிஷப் சரிவுப் பலகையில் தானாகவே ஏறியது, ஏறிப் பழக்கப்பட்டது, இதற்கு எங்காவது பரிசு இருக்கும் என்று நினைத்திருக்கும். மெரியல் வண்டியைப் பின்னால் எடுத்தாள், ஒரே தடவையில் குமிழ் டிரெய்லரின் கொக்கித் தலைக்கு நேர் கீழே போய் நின்றது, பிரீஸ் புருவத்தை உயர்த்தினார். கொக்கித் தலையைக் குமிழின் மேல் இறக்கினாள், பூட்டுகிற கைப்பிடியை அமுக்கினாள், உள்ளே ஏதோ டக்கென்று விழுந்தது, பச்சைக் குறி தெரிந்தது, டிரெய்லரின் சின்ன முன்சக்கரத்தைச் சுற்றி மூக்கைத் தூக்கி, காரின் பின்பக்கம் கூடவே எழும்புகிறதா என்று பார்த்தாள், அறுந்தால் பிடிக்கிற கம்பியை மாட்டினாள், விளக்கு ஒயரைச் செருகினாள். எதையும் யோசிக்கவில்லை. கை செய்தது. காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், இதைக் கை மறக்கவே மறக்காது என்று தோன்றியது. அப்படியானால் ஆகஸ்டில்?

சந்து வளைந்து மேடேறியது, இரண்டாம் கியர், பின்னால் பிஷப் ஒரு பக்கம் சாய்ந்ததை முதுகில் உணர்ந்தாள், வண்டி அதைப் பொருட்படுத்தவில்லை. பக்கத்தில் பிரீஸ் மடங்காத காலை நீட்டிக்கொண்டு, "நடுமேட்டுல நிறுத்துங்க. நிறுத்திட்டு எடுங்க. அதுல தெரிஞ்சிடும் கிளட்ச்," என்றார். விற்பவர் சொல்கிற வார்த்தையா இது, வழுக்கும் என்றால் சொல்வாரா? நிறுத்தினாள். ஆகஸ்டில் அந்த வயலுக்குக் கிளம்பியபோது சங்கத்து வாசல் மேட்டில் டிரெய்லர் குமிழிலிருந்து துள்ளிக் கழன்றது, கம்பி பிடித்தது, மூக்கு புல்லைக் கிழித்துக்கொண்டு நின்றது, நாலு பேர் வந்து தூக்கினார்கள், மெரியலே மறந்தா மத்தவங்க கதி என்ன என்றார்கள், அவளும் மறந்துட்டேன் என்றாள், அதனால் வயலுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் தாமதம். கைப்பிடியை அமுக்கியிருக்கவில்லை. கொக்கித் தலையைக் குமிழின் மேல் உட்காரவைத்ததோடு விட்டிருந்தாள். ஏன் என்றால்... கிளட்சை மெல்ல விட்டாள், வண்டி ஒரு கணம் தயங்கி, கட்டி இழுத்துக்கொண்டு ஏறியது, கருகல் வாசனை இல்லை, நடுக்கம் இல்லை, பிரீஸ் ம் என்றார். ஏன் என்றால் சங்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு, ஆள் மேலே போனதும் டிரெய்லரைக் காரில் மாட்டி வைத்துவிட்டால் அவன் சங்கத்துத் திடலுக்கே திரும்பிவிடுவான், மாட்டாமல் விட்டால் எங்கோ வயலில் இறங்குவான், பொறியாளர்கள், ஒரு பல் டாக்டர், எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள், சொல்லிக்கொண்டே மாட்டுவார்கள். அவளும் எல்லார் கண்ணுக்கும் முன்னால் மாட்டுவாள். தலையைக் குமிழில் வைப்பாள், கைப்பிடியை அமுக்கமாட்டாள். பார்க்கிறவர்களுக்கு மாட்டியது, மேலே கணக்கு வைத்திருப்பது எதுவோ அதற்கு மாட்டாதது. கிளம்பும்போது அமுக்கிவிடுவாள், எப்போதும் அமுக்கிவிடுவாள், அந்த ஒரு தடவைதான். எந்தக் கோடையில் தொடங்கியது இது? அவளுக்குத் தெரியாமலா, தெரிந்தா?

மேட்டின் உச்சியில் வெயில் வந்துவிட்டது, கீழே வேல்ஸ் பக்கத்து மலைகள், சாலை இறங்கி வளைந்து மறைந்தது, அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன ஊர் என்று தெரியாது, அவளுக்கு உடம்பு லேசாக இருந்தது, கை ஸ்டியரிங்கில் தளர்ந்திருந்தது, பின்னால் எடை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. இதுதான். இதைத்தான். தங்கையிடம் சலித்துக்கொண்டு சலித்துக்கொண்டு இதைத்தான் மூடி வைத்திருந்தாளா? அவன் சங்கத்துத் திடலிலேயே அழகாக இறங்கிவிட்ட நாட்களில் எல்லாரும் கைதட்டும்போது அவள் ஃபிளாஸ்க்கை மூடி, வரைபடத்தை மடித்து, ஏதோ ஒன்று வராமல் போன மாதிரி... களைப்பு என்று நினைத்திருந்தாள். விழவேண்டும் என்றல்ல, ஒருபோதும் இல்லை. இறங்கவேண்டும் என்றுதான். தூரமாய், பேர் தெரியாத ஊரில் இறங்கவேண்டும் என்று. இறங்குவதற்கும் விழுவதற்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது, ஒரு வேலியின் உயரமா? "இங்க திரும்பிக்கலாம்," என்றார் பிரீஸ், "இன்னும் போனா பிஷப்புக்கு மத்தியானச் சாப்பாடு போயிடும்." திரும்புவதற்கு இடம் இருந்தது. அவள் அதைத் தாண்டிப் போய்விட்டாள். அடுத்த வாயிலில்தான் திரும்பினாள். பிரீஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு பறந்தா என்ன," என்றார், "வண்டி உங்களோடதுதான்."

முற்றத்துப் பனி போய்விட்டிருந்தது, புல் வெறும் ஈரமாக நின்றது. பிரீஸ் கிடாக்களை இறக்கப் போனார், சின்னக் கிடா இறங்கமாட்டேன் என்று அடம் பிடித்தது, "இறங்குடா, உன்ன இன்னைக்கு யாரும் வாங்க வரல," என்று அதட்டுகிற சத்தம் கேட்டது. அவள் வண்டியின் பின்விளிம்பில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தான், கையிலேயே வைத்திருந்திருக்கிறான். "துரு பாத்தியா?" "பாத்தேன். இல்ல." "படுத்துப் பாத்தியா, குனிஞ்சு பாத்தியா?" "படுத்துதான்." "கிளட்ச்?" நாக்கு அங்கே வந்து நின்றது, இவ்வளவு தூரம் எடுத்துக்கொண்டு வந்த வார்த்தை, சொல்வதற்கு ஒரு மூச்சு போதும், சொன்னால் தக்காளி, ஞாயிறு பேப்பர், சொன்னால் இந்த வண்டியை வேறு எவனோ நாயோடு... "நடுமேட்டுல நிறுத்தி எடுத்தேன்," என்றாள், "ரெண்டு கிடாவோட." "கிடாவா?" "கிடா. ஒண்ணு பேரு பிஷப்." அவன் சிரித்தான், நன்றாகவே சிரித்தான், பிறகு சிரிப்பு நின்றது. அவன் பக்கம் சமையலறையில் கெட்டில் கொதித்து அணைகிற சத்தம் கேட்டது. "அப்ப வண்டி நல்ல வண்டி." "நல்ல வண்டிதான்." அவன் கொதித்த தண்ணீரை ஊற்றப் போகவில்லை. அவள் ஈரச் சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் தன் முதுகு படுத்திருந்த தடம் இன்னும் தெரிந்தது.

"மெரி, வண்டிப் பேச்ச விடு. நான் மறுபடி மேல போகட்டுமா?"